கூரை வளையத்தைக் கொடியில் ஏற்றிய நாடு



பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மலாக்காவின் கதையையும் பரமேஸ்வராவின் கதையையும் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலேயே படித்து விடுகிறார்கள். ஆகையால் நம்மில் அநேகமாக யாரும் போயிராத ஒரு நாட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாட்டின் பெயர் கிர்கிஸ்தான். அதிலும் அதன் கொடிகளைப் பற்றி மட்டும். கொடியைப் பற்றி என்ன எழுதக் கிடக்கிறது, துணிதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு துணிக்காக ஓர் ஆள் சிறைக்குப் போன கதையும் இதில் வருகிறது.

முதலில் நாடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஆசியாவின் நடுப்பகுதியில், சீனாவுக்கு மேற்கே, தியன் ஷான் என்னும் மலைத்தொடரின் மடியில் இருக்கிறது. நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு மலைதான். கடல் கிடையாது. மக்கள் ஏறக்குறைய 70 லட்சம் பேர். பரம்பரைத் தொழில் ஆடு, குதிரை மேய்த்தல். கோடைக்காலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு மலை உச்சிப் புல்வெளிக்குப் போவார்கள். குளிர் வந்ததும் கீழே இறங்கி விடுவார்கள். தலைநகரின் பெயர் பிஷ்கேக். பிஷ்கேக் என்றால் குதிரைப்பால் கடையும் மத்து என்று பொருள் சொல்வார்கள். மத்தின் பெயரில் ஒரு தலைநகர்! பால் கறந்து பிழைத்த குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. அவர்களுக்கு இது பிடிக்கும்.

இந்த நாட்டுக் கொடி சிவப்பு நிறம். நடுவில் மஞ்சள் சூரியன். சூரியனைச் சுற்றி 40 கதிர்கள். சூரியனுக்குள்ளே ஒரு வட்டம், வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சில வளைகோடுகள். வகுப்பில் உலகக் கொடிகளைக் காட்டும்போது பிள்ளைகள் இந்தக் கொடியில்தான் தடுக்கி விழுவார்கள். "சார், அது சேப்பாக் தக்ரா பந்தா?" என்பான் ஒருவன். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், பிரம்பு பின்னிய பந்து மாதிரி. ஆனால் அது பந்து அல்ல. அது ஒரு வீட்டின் கூரை.

மேய்ச்சல்காரர்களின் வீடு ஒரே இடத்தில் நிற்க முடியாது அல்லவா? அவர்கள் வட்டமான கூடாரத்தில் வாழ்ந்தார்கள். சுவர் என்பது மடக்கி விரிக்கக்கூடிய மரச்சட்டம். சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து பல நீளக் கழிகள் வளைந்து மேலே போய் ஒரு மர வளையத்தில் கூடும். அந்த வளையத்துக்குத் துந்துக் என்று பெயர். எல்லாவற்றையும் நெய்யாத கம்பளியால் போர்த்துவார்கள். ஆட்டு மயிரைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி, மிதித்து மிதித்து இறுகச் செய்த கம்பளி அது. மழையும் பனியும் உள்ளே வராது. வளையம் மட்டும் திறந்திருக்கும். அடுப்புப் புகை அதன் வழியாகத்தான் வெளியே போகும். வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். வளையத்தின் நடுவில் மூன்றும் மூன்றுமாகக் குறுக்கே போகும் வளைந்த சட்டங்கள். இரவில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் அந்தச் சட்டங்களுக்கிடையே நட்சத்திரம் தெரியும்.

இன்னொரு செய்தி. கழிகள் ஒடிந்தால் புதுக்கழி வெட்டிக் கொள்ளலாம். கம்பளி மக்கினால் புதுக்கம்பளி போட்டுக் கொள்ளலாம். துந்துக் மட்டும் தகப்பன் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்குப் போகும் சொத்து. புகை படிந்து கறுத்திருந்தால் அதற்கு மதிப்புக் கூடும், அத்தனை காலம் அந்தக் குடும்பத்தின் அடுப்பு அணையவில்லை என்று அர்த்தம். இந்தக் கூடாரம் கட்டும் கலையைக் கிர்கிஸ் மக்களுக்கும் அண்டை நாட்டுக் கசாக் மக்களுக்கும் உரிய பாரம்பரியமாக யுனெஸ்கோ 2014-ஆம் ஆண்டில் பட்டியலில் சேர்த்தது.

எத்தனையோ நாடுகளின் கொடிகளில் சிங்கம் இருக்கிறது, கழுகு இருக்கிறது, வாள்கூட இருக்கிறது. அரசனுடைய பொருளாக இல்லாமல், ஏழை இடையன் வீட்டிலும் உள்ள பொருளை நடுவில் வைத்த கொடி எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இந்தக் கொடி மேல் எனக்குப் பிரியம் உண்டானதற்கு அதுதான் காரணம்.

ஆனால் இந்தக் கொடி வருவதற்கு முன் அவர்கள் வேறு கொடிகளின் கீழ் நின்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் படை அந்த மலைநாட்டைப் பிடித்தது. 1917-இல் ருஷ்யாவில் புரட்சி நடந்தது. பிறகு சோவியத் அரசு 1924-இல் அந்தப் பகுதியைத் தனி வட்டாரமாக்கியது. 1926-இல் தன்னாட்சிக் குடியரசாக்கியது. 1936-இல் சோவியத் ஒன்றியத்தின் முழு உறுப்புக் குடியரசாக்கியது. பிஷ்கேக்கின் பெயரும் 1926-இல் மாறி, ஒரு செம்படைத் தளபதியின் பெயரால் ஃபுரூன்ஸே ஆயிற்று.

அந்தக் குடியரசுக்கு முதலில் கிடைத்த கொடியில் கலை ஒன்றும் இல்லை. சிவப்புத் துணி, மூலையில் குடியரசின் பெயர், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் எழுதிய எழுத்தில்தான் சரித்திரமே இருக்கிறது. கிர்கிஸ் மொழியை அதற்கு முன் அரபு எழுத்தில் எழுதினார்கள். 1920-களின் இறுதியில் அரசு அதை லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. அதனால் 1937-இன் கொடியில் கிர்கிஸ் பெயர் லத்தீன் எழுத்தில் இருந்தது. 1940-இல் மறுபடியும் மாற்றி, ருஷ்ய எழுத்தைக் கொண்டு வந்தார்கள். கொடியின் எழுத்தும் கூடவே மாறிற்று. யோசித்துப் பாருங்கள். தாத்தா அரபு எழுத்தில் எழுதி வைத்ததை மகன் படிக்கத் தடுமாறுவான். மகன் லத்தீனில் எழுதியதைப் பேரன் படிக்கத் தடுமாறுவான். ஒரே வீடு, ஒரே மொழி, மூன்று எழுத்து. தாய்மொழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் உங்களுக்கு இதன் வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

1952 டிசம்பரில் எழுத்தை எடுத்து விட்டுப் பட்டைகள் போட்டார்கள். சிவப்புத் துணியின் நடுவே இரண்டு நீலப் பட்டைகள், அவற்றுக்கிடையே மெல்லிய வெள்ளைப் பட்டை, மேல் மூலையில் சுத்தியலும் அரிவாளும் நட்சத்திரமும். பக்கத்துக் குடியரசுகளுக்கும் ஏறக்குறைய இதே ஜாடைதான். உஸ்பெக்கிஸ்தானுக்கும் துர்க்மெனிஸ்தானுக்கும் நீலப் பட்டைகள் வேறு விதமாக வந்தன. தாஜிக்கிஸ்தானுக்கு வெள்ளையும் பச்சையும். கசாக்ஸ்தானுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு நீலப் பட்டை. ஒரே தையல்காரர் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்து, பொத்தானை மட்டும் மாற்றிய மாதிரி. அந்தப் பட்டையில் கிர்கிஸ்காரனுடைய கூடாரமும் இல்லை, மலையும் இல்லை.

ஆயினும் அந்தக் காலத்தை முழுக்கக் கறுப்பாகத் தீட்டுவது நியாயமாகாது. சோவியத் ஆட்சியில்தான் மலைக் கிராமங்களுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. அங்கே பிறந்த சிங்கிஸ் ஐத்மாத்தவ் என்ற எழுத்தாளர் உலகப் புகழ் பெற்றார். குதிரைக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கி, தனக்கே அரைகுறையாகத் தெரிந்த எழுத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஓர் இளைஞனின் கதையை அவர் 1962-இல் எழுதினார். அவர் கதைகள் மாஸ்கோவில் தமிழிலும் அச்சாகி மலிவு விலையில் நமக்கு வந்தன. 'ஜமீலா'வைப் படித்த பெரியவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கலாம்.

1991 ஆகஸ்டு 31-ஆம் நாள் கிர்கிஸ்தான் சுதந்திரம் அறிவித்தது. தலைநகருக்குப் பிஷ்கேக் என்ற பழைய பெயர் அந்த ஆண்டிலேயே திரும்பி விட்டது. புதிய கொடி மட்டும் உடனே வரவில்லை. 1992 மார்ச் 2-ஆம் நாள் அந்நாடு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. அதற்கு மறுநாள், மார்ச் 3-ஆம் நாள், சூரியக் கொடியை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஊர்ப் பெரிய வீட்டு விருந்துக்கு அழைப்பு வந்த பிறகு அவசரமாகப் புதுவேட்டி வாங்கிய கதைதான்!

கலைஞர்கள் ஐவர் சேர்ந்து வரைந்த கொடி அது. சிவப்பு வீரத்துக்கு, அவர்களுடைய காவிய நாயகன் மனாஸின் கொடி சிவப்பு என்பது மரபு. சூரியன் அமைதிக்கும் செல்வத்துக்கும். துந்துக் தகப்பன் வீட்டுக்கும் ஒற்றுமைக்கும். 40 கதிர்கள், மனாஸ் ஒன்றுசேர்த்த 40 குலங்களுக்கு. அவர்கள் மொழியில் நாற்பதைக் கிர்க் என்பார்கள். கிர்கிஸ் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பக்கத்து நாடுகள் நீலம், பச்சை என்று போனபோது இவர்கள் சிவப்பை விடவில்லை. "செங்கொடி போய் மறுபடியும் செங்கொடியா?" என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்.

மனாஸ் காவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஏட்டில் பிறந்ததல்ல, வாயில் பிறந்தது. மனாஸ்சி எனப்படும் பாடகர்கள் புத்தகம் இல்லாமல் மணிக்கணக்காக, நாள்கணக்காகப் பாடுவார்கள். சயக்பாய் கராலாயெவ் என்ற பாடகர் சொல்லச் சொல்ல எழுதி வைத்த பாடம் மட்டும் 5 லட்சம் வரிகளுக்கு மேல். நம் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடந்த காலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதைப்போலப் பல இரவுகள்.

இனி, பிஷ்கேக்கின் நடுவிலுள்ள ஆலா-தோ சதுக்கத்துக்குப் போவோம். அந்தச் சதுக்கத்தில் 1984 முதல் லெனின் சிலை நின்றது. 2003-இல் அதைப் பெயர்த்துப் பக்கத்து அருங்காட்சியகத்தின் பின்பக்கம் வைத்தார்கள். சுதந்திர தேவியின் சிலை வந்தது. அதுவும் நிலைக்கவில்லை, 2011-இல் குதிரைமேல் ஏறிய மனாஸ் வந்தார். சிலைகளைவிட வேகமாகத் தலைவர்கள் மாறினார்கள். 2005 மார்ச்சில் முதல் அதிபர் மக்கள் எழுச்சியில் நாட்டை விட்டு ஓடினார். 2010 ஏப்ரலில் இரண்டாமவரும் அப்படியே. அந்த முறை எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் விட்டார்கள். 2020 அக்டோபரில் இன்னோர் ஆட்சியும் கவிழ்ந்தது. கூட்டம் கூடிய போதெல்லாம் சூரியக் கொடியைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். ஆட்சியைத் தூக்கி எறிந்தவர்களும் அந்தக் கொடியை எறியவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு கசப்பான செய்தியையும் மறைக்கக் கூடாது. 2010 ஜூனில் தெற்கே ஓஷ் நகரில் கிர்கிஸ் மக்களுக்கும் உஸ்பெக் மக்களுக்கும் கலவரம் மூண்டு நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்நாட்டில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் உஸ்பெக். ருஷ்யர், துங்கான் முதலியவர்களும் உண்டு. 40 கதிர்களும் 40 கிர்கிஸ் குலங்களுக்கு என்றால், தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் உழுது வாழும் உஸ்பெக் பிள்ளை தன் கதிர் எது என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? "கதிரைப் பார்க்காதே, கூரையைப் பார், கூரை எல்லாருக்கும் பொது" என்று சொல்லலாம். நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலைக் கொடி மட்டும் சொன்னால் போதாது. வேலை கொடுப்பவரும், காவல்காரரும், அரசாங்க அலுவலரும் சொல்ல வேண்டும்.

2023-ஆம் ஆண்டில் புதுச் சங்கதி கிளம்பிற்று. கொடியில் கதிர்கள் சற்று வளைந்து நெளிந்து இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அது சூரியன் மாதிரி இல்லை, சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கிறது என்றார்கள். சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். அப்போதைய நாடாளுமன்றத் தலைவர் நுர்லான்பெக் ஷாகியெவும், அதிபர் சாதிர் ஜபாரொவும் சொன்னார்கள். பூ மாதிரி இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் மொழி வருகிறது. கிர்கிஸ் மொழியில் சூரியகாந்திக்குக் 'குன் கராமா' என்று பெயர். சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பது என்று பொருள். சூரியன் போகிற பக்கமெல்லாம் முகம் திருப்புகிறவன், பிறர் தயவை எதிர்பார்த்து நிற்பவன் என்று அதற்கு ஓர் ஏளனப் பொருளும் உண்டு. நாம் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவன் என்கிறோமே, அதைப்போல. இப்படி ஒரு பூவைக் கொடியில் வைத்திருந்தால் நாடு எப்படிச் சொந்தக் காலில் நிற்கும் என்பது அவர்கள் வாதம்.

அறிவியல் பாடமும் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சூரியகாந்தி இளசாக இருக்கும் வரைதான் சூரியனைத் தொடர்ந்து திரும்பும். பூ முற்றியதும் கிழக்கு நோக்கி நின்று விடும், பிறகு யாருக்காகவும் திரும்பாது. பாவம், பூவுக்காகப் பேச அந்த நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை போலும்.

எதிர்த்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். முப்பது வருஷமாக அந்தக் கொடியின் கீழ்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அந்தக் கொடியைப் போர்த்திக்கொண்டுதான் விளையாட்டு வீரர்கள் பதக்கம் வாங்கினார்கள், அந்தக் கொடியைத் தூக்கியவர்கள்தான் சதுக்கத்தில் விழுந்தார்கள். இதைக் கேட்காமல் மாற்றலாமா என்றார்கள். செலவையும் சொன்னார்கள். ஒவ்வொரு பள்ளி, ஒவ்வோர் அலுவலகம், ஒவ்வொரு தூதரகத்துக்கும் புதுத்துணி வேண்டும், பாடப்புத்தகப் படமும் மாற வேண்டும். செல்வ நாடு அல்ல அது. லட்சக்கணக்கானவர்கள் ருஷ்யாவுக்குப் போய்க் கட்டட வேலையும் கூட்டிப் பெருக்கும் வேலையும் செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். பிழைக்க ஊர் விட்டுப் போனவனுக்குக் கொடியின் அருமை உள்ளூர்க்காரனைவிட அதிகம் தெரியும். அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பொதுமக்கள் வாக்கெடுப்பு நடக்கவில்லை. எதிர்ப்புக்கு அழைப்பு விடுத்த ஒரு சமூக ஆர்வலரைக் கலகம் தூண்டினார் என்று டிசம்பர் மாதத்தில் கைது செய்தார்கள். டிசம்பர் 20-ஆம் நாள் மசோதா நிறைவேறியது. 22-ஆம் நாள் அதிபர் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆலா-தோ சதுக்கத்தில் புதுக்கொடி ஏறி விட்டது. வளைந்த கதிர்கள் நேரான, கூரிய கதிர்கள் ஆயின. சிவப்பு போகவில்லை, துந்துக் போகவில்லை, நாற்பதும் நாற்பதாகவே இருக்கிறது.

இதில் என் கருத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். கதிரை நேராக்கியது குற்றமல்ல. எந்த நாடும் தன் கொடியைத் திருத்திக் கொள்ளலாம். புதுக்கொடி பார்க்கவும் அழகாகவே இருக்கிறது. ஆனால் கொடி வேண்டாம் என்று சொன்னவனையல்ல, இருக்கிற கொடியே போதும் என்று சொன்னவனைப் பிடித்து அடைத்தார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. சொந்தக் காலில் நிற்பதைக் காட்டத்தானே கதிரை நிமிர்த்தினார்கள்? நிமிர்ந்து பேசியவனுக்கு அங்கே இடமில்லை.

நம் மலேசியக் கொடியிலும் ஒரு கதை உண்டு, மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். 1963-இல் மலேசியா அமைந்தபோது 14 மாநிலங்களுக்காக 14 பட்டைகள், நட்சத்திரத்துக்கு 14 முனைகள் வைத்தார்கள். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்து போயிற்று. ஒரு பட்டையைக் கிழித்து எடுக்கவில்லை. பதினான்காவது பட்டை கூட்டரசுக்கு என்று பொருளை மாற்றிக்கொண்டு, துணியை அப்படியே வைத்துக்கொண்டோம். கிர்கிஸ்தானில் பொருளை வைத்துக்கொண்டு துணியை மாற்றினார்கள். 1936-இல் அங்கே பிறந்த ஒரு மூதாட்டி 2023-ஐயும் கண்டிருந்தால், லத்தீன் எழுத்துக் கொடி, ருஷ்ய எழுத்துக் கொடி, பட்டைக் கொடி, வளைகதிர்க் கொடி, நேர்கதிர்க் கொடி என்று ஐந்து கொடிகளுக்கு எழுந்து நின்றிருப்பாள். ஐந்தும் பறந்த காலத்தில் அவள் படுத்துப் பார்த்த துந்துக் மட்டும் ஒன்றே.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நம் பள்ளி நூல்நிலையத்திலுள்ள உலகப்படப் புத்தகம் 2023-க்கு முன் அச்சானது. அதில் பழைய வளைகதிர்க் கொடிதான் இருக்கிறது. கொடி வரையும் போட்டியில் சேரும் மாணவர்கள் அதைப் பார்த்து எழுத வேண்டாம். கதிரை நேராகப் போடுங்கள், நாற்பதையும் எண்ணிப் போடுங்கள். புதுப் புத்தகம் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.